பேச்சியம்மாள் எழுதிய இரண்டாவது விடை

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழையும்போது, உடன் வேலை செய்யும் மாரிமுத்து தொலைபேசியில் அழைத்தார். "மேடம், பேச்சிக்காவ விளாங்குடி பஸ் ஸ்டாப்புல வச்சு வெட்டிட்டான். அவங்க வீட்டுக்காரன்தான். உசுரு அங்கயே போயிருச்சு." மறுநாள் செய்தியில் 'குடும்பத் தகராறு' என்றிருந்தது. தகராறுக்கு இரண்டு பேர் வேண்டும். பேச்சியம்மாள் ஆறு ஆண்டுகளாக அந்த ஆளோடு பேசியதே இல்லை.

அவரை அறியாதவர்களுக்காக, எங்கள் மதுரை மென்பொருள் நிறுவனத்துக்கு அவர் வந்த நேர்காணலைச் சொல்ல வேண்டும். பேரையூரில் தம் வீட்டிலிருந்தே கணினியில் பேசினார். கேள்வி கேட்டவர்கள் நானும் மாரிமுத்துவும். ஓர் எண் வரிசையில் இரண்டாம் முறை வரும் எண்ணைக் கண்டுபிடிக்க ஜாவா மொழியில் நிரல் எழுதச் சொன்னோம். அவர் கண்கள் அடிக்கடி இடப்பக்கம் போயின. பக்கத்திலிருந்து யாரோ விடை சொல்வதாகச் சந்தேகப்பட்டோம்.

"லேப்டாப்பக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கம்மா," என்றார் மாரிமுத்து.

திருப்பினார். இரும்புக் கம்பியோடு ஒருவன் நின்றான்.

"என் வீட்டுக்காரரு சார். இவருக்கு ஜாவா தெரியாது."

கம்பி இறங்கியது. திரையில் மின்விசிறி தெரிந்தது, பிறகு தரை. "மதுரைக்குப் போயி எவன்கூட உக்காரப் போற?" என்ற குரலும் அடிகளும் கேட்டன. பக்கத்து வீட்டார் அவனை வெளியே இழுத்தார்கள். கதவைத் தாழிட்டுவிட்டு அவர் மீண்டும் உட்கார்ந்தபோது இரத்தம் புருவம்வரை வழிந்திருந்தது. வெளியே அவன் கம்பியால் கதவை அடித்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்திரலாம்மா. போலீசுக்குச் சொல்றோம்," என்றேன்.

"போலீசுக்குச் சொல்லுங்க மேடம். இண்டர்வியூவ நிறுத்தாதீங்க. இந்த வேலை கெடைக்கலைன்னா நான் இந்த வீட்டுக்குள்ளயே செத்துருவேன்."

மாரிமுத்து போலீசை அழைத்து முடிப்பதற்குள் நிரல் பிழையின்றி ஓடியது. மைக்கை அணைத்துவிட்டு, "எடுத்துருவோம் மேடம், பாவம்," என்றார் மாரிமுத்து. நான் மைக்கைத் திறந்து, இன்னும் கடினமான இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். பேச்சியம்மாள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அதையும் எழுதினார். போலீஸ் கதவைத் தட்டியது. "ஒரு நிமிசம் இருங்க சார், முடிச்சிட்டு வாரேன்!" என்று உள்ளிருந்தே கத்தினார்.

விளாங்குடியில் தனியாக வீடு பிடித்து வேலையில் சேர்ந்தார். நெற்றித் தையல் பிரிப்பதற்கு முன்பே ஒருநாள் கேட்டார்: "மேடம், பாவம் பாத்தா என்னைய எடுத்தீங்க?"

"பாவம் பாத்திருந்தா ரெண்டாவது கேள்வி கேட்டிருப்பேனா?"

சிரித்தார். தையல் இழுத்ததில் முகம் சுளித்தார். "அம்புட்டு ரத்தத்துலயும் கேட்டீங்களே. நல்ல கல்நெஞ்சு மேடம் உங்களுக்கு."

பின்னாளில் அவரே நேர்காணல் நடத்தினார். கடுமையானவர் என்று பெயர் எடுத்தார். யாரையும் இரக்கத்துக்காகத் தேர்ந்தெடுத்ததில்லை.

பிணவறை வாசலில் அவர் கணவனின் அண்ணன் என்னை மறித்தார். "வேலை குடுத்துக் குடும்பத்தக் கெடுத்ததே நீங்கதான்!"

"நாங்க குடுக்கல. அவங்க வாங்குனாங்க," என்றேன்.

அவர் கை ஓங்கினார். நான் அறியாத ஓர் இளம்பெண் குறுக்கே பாய்ந்தாள். அடி அவள் தோளில் விழுந்தது. அவள் அவரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினாள். யாரம்மா நீ என்று கேட்டேன்.

"அக்கா என்னைய ரெண்டு தடவ வேணாம்னாங்க மேடம். ரெண்டு தடவையும் அவங்களே போன் போட்டு ஏன்னு சொன்னாங்க. வேற எவன் சொன்னான்?"

தேர்வாகாதவர்களை அவர் அழைத்துப் பேசிவந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. அப்படி வந்திருந்த நான்கு பெண்கள்தான் பேச்சியம்மாளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

போகிறவர்களிடம் போய் வாருங்கள் என்று சொல்வது நம் வழக்கம். வரமாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எனக்கு வேறு சொல் இல்லை. போய் வாருங்கள், பேச்சியம்மாள்.