சிவப்புப் பிடிச் சட்டி

அந்தச் சமையலறையில் வேலை செய்த காலம் முழுக்க ஒருநாள்கூட நான் அடுப்பை மூட்டியதில்லை. வெங்காயம் அரியலாம், உருளைக்கிழங்கு உரிக்கலாம், உப்புப் பார்க்கலாம், முப்பது பேருக்குப் பரிமாறலாம். அடுப்பின் திருகை மட்டும் தொடக் கூடாது. அதை ஒரு யூதர்தான் திருப்ப வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆகவே காலை எட்டரைக்கு எங்கள் தலைவி மாடியிலிருந்து இறங்கி வருவார். குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் திருகைத் திருப்பிவிட்டு, அன்றைய சமையல் முழுவதையும் தானே முடித்துவிட்டதுபோல் கைகளைத் தட்டிக்கொள்வார். முட்டை அவிக்கத் தெரியாத மனுசி.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொலோனிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி உள்ள ஒரு நகரம், பெயர் வேண்டாம். அங்கே யூத சமூகத்தின் உதவி நிலையம் இருந்தது. மேலே அலுவலகம், கீழே சமையலறையும் சாப்பாட்டு மண்டபமும். மேலே தலைவி கடிதம் எழுதுவார், கீழே நான் சமைப்பேன். இரண்டு இடத்திலும் புகை வரும் நாட்கள் உண்டு.

நிலையத்தின் வரலாறு எனக்குத் தவணை முறையில்தான் கிடைத்தது. அடுப்புச் சூடாகும் வரை தலைவி பக்கத்தில் நின்று கதை சொல்வார், சூடானதும் நிறுத்திவிட்டு மேலே போய்விடுவார். அவர் பேசியது ஜெர்மன்தான். ஆனால் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்து பழகிவிட்டது, மற்றவர்களின் ஜெர்மனையும் அப்படியே எழுதுகிறேன். 

தொடக்கத்தில் சில பெண்கள் சேர்ந்து, ஊர்விட்டு ஊர் போகும் ஏழை யூதர்களுக்குச் சூப் கொடுத்தார்களாம். பிறகு நாசிகள் வந்து நிலையத்தை மூடினார்கள், அந்தப் பெண்களையும் கொண்டுபோனார்கள். இந்த இடத்தில் மட்டும் அவர் கதையை நிறுத்தி அடுப்பைப் பார்ப்பார். நானும் வெங்காயத்தைப் பார்ப்பேன். போருக்குப் பின் முகாம்களிலிருந்து உயிரோடு மீண்ட கைப்பிடி அளவு ஆட்கள் இரண்டு அறைகளில் திரும்பவும் தொடங்கினார்கள். அவர்களுக்கும் வயதாகி, இனி மூடிவிடலாமா என்று யோசித்த நேரம் சோவியத் யூனியன் உடைந்தது. ஒடெசாவிலிருந்தும் கியேவிலிருந்தும் யூதர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். 

வந்தவர்கள் எல்லோரும் பொறியியலாளர்கள், பியானோ ஆசிரியைகள், சதுரங்கத்தில் யாரையோ தோற்கடித்தவர்கள். ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது. ஆகவே அவர்களுக்காகத் தலைவி சண்டை போட்டார். வீட்டுக்கு ஒரு அன்ட்ராக், ஓய்வூதியத்துக்கு ஒரு அன்ட்ராக், பல்லுக்கு ஒரு அன்ட்ராக் என்று விண்ணப்பம் விண்ணப்பமாக எழுதித் தள்ளினார். அவருடைய கடிதங்கள் மிகுந்த மரியாதையோடு தொடங்கும். மூன்றாம் பந்தியில்தான் அதிகாரிக்கு வியர்க்கும். பதில் வராவிட்டால் நேரே போய் அலுவலக வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். 

ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று பிரதி. ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று நிலவறையில் இருந்த இரும்பு அலுமாரிக்கு. இது கொஞ்சம் முற்றிப்போன நோய் என்று நினைத்து ஒருநாள் சிரித்துக்கொண்டே காரணம் கேட்டேன்.

"எங்கட பழைய கோப்பு எல்லாத்தையும் ஒருக்கா எரிச்சுப்போட்டாங்கள்," என்றார். "அதுக்குப் பிறகு வந்த சனத்துக்குத் தாங்கள் ஆரெண்டு காட்ட ஒரு துண்டுகூட இல்லை."

பிரதிகளைப் பற்றி அதற்குப் பிறகு நான் பகிடி விட்டதில்லை.

இனி என் கதை. நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அகதிகள். முதல் மூன்று வருடம் ஹைம் என்கிற அகதி விடுதியில் இருந்தோம். ஒரு மாடிக்கு ஒரு சமையலறை, இரண்டு அடுப்பு, பத்துக் குடும்பம். அரிசி அவிய வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டும். இந்த வேலை கிடைத்த பிறகுதான் இரண்டு அறை வீடு ஒன்று எடுத்தோம். சம்பளத் துண்டு காட்டினால்தான் வீடு. வேலை அனுமதி இருந்தால்தான் சம்பளம். அனுமதியை அர்பைட்ஸாம்ட் என்கிற தொழில் அலுவலகம் ஒரு வருடத்துக்குத்தான் கொடுத்திருந்தது. அது முடியும் நேரம் கடிதம் வந்தது: இந்தச் சமையல் வேலையைச் செய்ய உரிமை கூடிய ஆட்கள் நகரத்தில் இருக்கிறார்கள், ஏன் இந்த அகதிதான் வேண்டும் என்று நிலையம் காட்ட வேண்டும்.

"திரும்ப ஹைமுக்கோ?" என்று கணவர் கேட்டார்.

"என்னால ஏலாது," என்றேன். அது கோபத்தில் சொன்னதல்ல. உண்மையிலேயே பயந்துபோயிருந்தேன்.

தலைவி பயப்படவில்லை. அவருக்குப் புதிய சண்டை ஒன்று கிடைத்த சந்தோஷம். எங்கள் சமையலறையில் சிவப்புப் பிடிச் சட்டிகள் இறைச்சிக்கு, நீலப் பிடிச் சட்டிகள் பாலுக்கு. யூத வேதச் சட்டப்படி இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இது எல்லோராலும் முடியாத வேலை என்று எழுதினார். "இவருக்கு எங்கள் சமையலறைச் சட்டம் முழுமையாகத் தெரியும்," என்று எழுதி அதற்குக் கீழே கோடும் இழுத்தார். மாதம் ஒருமுறை வேறு நகரத்திலிருந்து சமையலறையைப் பார்வையிட வரும் மேற்பார்வையாளரும் கையெழுத்திட்டால் கடிதம் இன்னும் பலமாகும் என்றார். கறுப்புத் தொப்பியோடு வந்து மூடிகளைத் திறந்து மணந்து பார்க்கும் அந்த மனிதருக்கு நான் எனக்குள் வைத்திருந்த பெயர் சட்டி இன்ஸ்பெக்டர்.

சட்டம் முழுமையாகத் தெரியும் என்று அவர் நினைத்ததற்கு நானே காரணம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் இரண்டு வகைச் சட்டிகளையும் காட்டித் தயங்கித் தயங்கி விளக்கத் தொடங்கியபோது நான் சிரித்துவிட்டேன். 

"இது எனக்குத் தெரியும். எங்கட வீட்டிலயும் ரெண்டு சட்டிதான்."

அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். எந்த இரண்டு என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 

எங்கள் வீட்டில் இருந்தது மச்சச் சட்டியும் சைவச் சட்டியும். இறைச்சி, மீன், முட்டை எல்லாம் மச்சம். மரக்கறி, பால், நெய் எல்லாம் சைவம். வெள்ளிக்கிழமைச் சோற்றில் மீன் வாசனை பட்டால் வீடே இரண்டாகும். எனவே சிவப்பு என்றால் மச்சம், நீலம் என்றால் சைவம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, ஏனென்றால் அந்த ஒரு வருடத்தில் நான் மீன் சமைக்கவேயில்லை. தலைவிக்கு மீன் அவியும் மணம் ஆகாது. போத்தலில் வரும் உப்பு மீனோடு சரி.

ஆனால் ஒடெசாக்காரர் சும்மா இருப்பார்களா? தலைவியிடம் கடிதம் எழுதப் பழகியவர்கள் தலைவிக்கே எழுதினார்கள். பியானோ ஆசிரியை ஒருவர் முன்னின்று, மண்டபத்தில் சாப்பிடும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, புளித்த பாலாடை போட்ட சூடான மீன் வேண்டும் என்று ஒரு கோரிக்கை கொடுத்தார். மூன்று பிரதிகளில். தலைவியால் மறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை மீன் என்று முடிவானது. மேற்பார்வையாளர் வருவதும் அதே வியாழக்கிழமைதான்.

அன்று காலை மீனைக் கழுவிச் சிவப்புப் பிடிச் சட்டியில் அடுக்கினேன். மீனுக்கு வேறு எந்தச் சட்டி? தலைவி குளிர்கோட்டோடு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்பை மூட்டினார். கடிதத்தைப் பற்றியே பேசினார், சட்டியைப் பார்க்கவில்லை. மீனோடு பாலாடையைச் சேர்க்க எனக்குக் கை கூசியது. எங்கள் ஊரில் மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டால் தோலில் வெள்ளை விழும் என்பார்கள். அவர்களுடைய தோல், அவர்களுடைய விருப்பம் என்று நினைத்துக்கொண்டு முழுவதையும் சட்டிக்குள் ஊற்றிக் கொதிக்கவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தில் முப்பது பேர் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். சட்டி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார், மூடியைத் திறந்தார், உள்ளே இருந்த வெள்ளையைப் பார்த்தார், பிடியின் சிவப்பைப் பார்த்தார். மூடியை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"இறைச்சிச் சட்டியில பால்," என்றார். "ஆர் இந்தச் சட்டியை எடுத்தது?"

தலைவி கையில் கடிதத்தோடு நின்றார். என் முகத்தைப் பார்த்தார், எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. உடனே முன்னால் வந்து, "அடுப்பை மூட்டினது நான். என்ர பிழை," என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கையெழுத்தும் கிடைத்திருக்கும், வீடும் தப்பியிருக்கும். ஏன் பேசினேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். உண்மை பேச வேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் இல்லை. என் சமையலறையில் நடந்த ஒன்றுக்கு முட்டை அவிக்கத் தெரியாத மனுசி பொறுப்பேற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். 

"இல்லை. எடுத்தது நான். பாலாடை ஊத்தினதும் நான். சட்டி கெட்டுப்போச்சு."

தலைவி கண்ணை மூடிக்கொண்டார். மேற்பார்வையாளர் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மச்சத்தையும் சைவத்தையும் விளக்கினேன். கை, கால், கரண்டி எல்லாம் உதவிக்கு வந்தன. மீன் இறைச்சியின் பக்கம்தானே என்றேன்.

"எங்களிட்ட மீன் ரெண்டு பக்கமும் இல்லை," என்றார். பிறகு, "உங்கட வீட்டில ஒரு சட்டி கெட்டால் என்ன செய்வியள்?" என்று கேட்டார்.

"மண் சட்டியெண்டால் உடைச்சுப்போடுவம். உலோகமெண்டால் தேய்ச்சுக் கழுவிக் கொதிதண்ணி ஊத்தி எடுப்பம்."

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "மண்ணெண்டால் உடைக்கிறது, உலோகமெண்டால் தேய்ச்சுக் கழுவுறது," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "எங்கட வேதத்திலயும் அப்படித்தான் எழுதியிருக்கு. இதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சமையலறையில நடக்கிறதுதானே."

அவர் தலைவியிடம் கை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். கோடிட்ட அந்த வசனத்தைப் பேனாவால் ஒரே வெட்டாக வெட்டினார். தலைவியின் கடிதத்தில் இன்னொருவர் கை வைப்பதை நான் அன்றுதான் கண்டேன். தலைவியின் முகம் அந்தச் சட்டியின் பிடியைவிடச் சிவந்தது. மேற்பார்வையாளர் கீழே ஏதோ எழுதினார், கையெழுத்திட்டார், மையை ஊதினார், கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டியைக் கொதிக்கவைக்கும் ஒழுங்கைப் பார்க்கப் போய்விட்டார். 

அன்று மண்டபத்தில் பாணும் அவித்த முட்டையும் வெள்ளரிக்காய் ஊறுகாயும். முட்டைக்காகவா ஒடெசாவிலிருந்து வந்தோம் என்று பியானோ ஆசிரியை இரண்டு மொழியில் கேட்டார். மீன் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு அனுமதி கிடைத்தது. கணவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹைமுக்குப் போறதுதான் போறம், இதையும் திண்டு தோல் வருத்தத்தோடயே போவம்," என்றார். பசியில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது.

அர்பைட்ஸாம்டில் எங்களுக்கு அடுத்த வாரம் டெர்மின், அதாவது நேரில் வரச் சொல்லிக் குறித்த நேரம். தலைவியும் கூட வந்தார். இளம் அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"சட்டம் தெரியாதெண்டுதானே இதில எழுதியிருக்கு?"

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல? அதிகாரி மீதியையும் படித்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் படித்தார். அந்த இடைவெளியைத் தலைவியால் தாங்க முடியவில்லை. நிலையத்தின் வரலாற்றைத் தொடங்கிவிட்டார், அதுவும் ஏழைகளுக்குக் கொடுத்த அந்த முதல் சூப்பிலிருந்து. கதை போருக்கு வருமுன்பே அதிகாரி முத்திரையை எடுத்துவிட்டார். இன்னும் ஒரு வருடம்.

"ஒண்டும் தெரியாதெண்டு எழுத்தில வாங்கி, அதைக் காட்டி வேலை எடுத்த ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்," என்றார் கணவர், வரும் வழியில் டிராமில். சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

தலைவி வழக்கம்போல் மூன்று பிரதி எடுத்திருந்தார். நிலவறை அலுமாரிக்குப் போக வேண்டிய மூன்றாவதை என்னிடம் தந்து, "இது உங்கட அலுமாரிக்கு," என்றார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜெர்மனியில் என்னைப் பற்றி எழுதிய காகிதங்கள் ஒரு பெட்டி நிறைய உண்டு. சிலவற்றில் நான் ஒரு இலக்கம், சிலவற்றில் விண்ணப்பதாரி, பலவற்றில் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளப்படுபவர். இந்த ஒன்றில் மட்டும் வெட்டிய கோட்டுக்குக் கீழே, சாய்ந்த எழுத்தில் இப்படி இருக்கிறது:

"இவருக்கு எங்கள் சட்டம் தெரியாது, கற்றுக்கொள்வார். சட்டி கெட்டால் கெட்டது என்று சொல்கிறார். அதை எங்களால் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. தயவுசெய்து வேறு ஆளை அனுப்ப வேண்டாம்."