ரெண்டாவது கூப்பாடு

பாப்பா, தம்பி, பிளகின் என்றால் என்னப்பா என்று நேற்று கேட்டீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே, போடிமெட்டுக்கு மேலே நான் வேலை பார்க்கும் ஏலத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் இருக்கும் ஒலிபெருக்கிதான் எனக்கு நினைவு வரும்.

அங்கே கம்ப்யூட்டரில் வருகைப் பதிவுக்கு ஒரு மென்பொருள் உண்டு. காட்டுக்குள் போனவர் யார், திரும்பியவர் யார் என்று காட்டுவதோடு அதன் சோலி முடிந்தது. யானை இறங்கும் காலத்தில் அது போதவில்லை. போடியிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் அந்த மென்பொருளில் கை வைக்காமலே ஒரு பிளகினைச் சேர்த்தார். அதற்கென்று தனி வாழ்வு கிடையாது. மென்பொருளிடம் பட்டியலை வாங்கி, திரும்பாதவர் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடும். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், மென்பொருள் பழையபடி ஓடும்.

குரல் எங்கள் சூப்பர்வைசர் அக்காவுடையது. "ஒங்களக் கூப்பிட்டே எந்தொண்டை போச்சுடி, இனி இந்தப் பொட்டி கத்தட்டும்" என்று காய் பறிக்கும் பெண்களைச் சீண்டியபடி ஒவ்வொரு பெயராகப் பதிந்தார். கடைசியில் "எம்பேருமா அப்பு?" என்று என்னைக் கேட்டார். பட்டியலில் இருக்கிறதே என்றேன். சிரித்துக்கொண்டே தன்னையும் கூப்பிட்டார்.

ஒரு மத்தியானம், நல்ல மூடுபனி. மேல் சரிவில் யானை நிற்பதாகச் சேதி வந்தது. பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு பெயரையும் பெட்டி ஒரு முறை கூப்பிட்டது. ஒருத்தரும் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. பனிக்குள் முதல் கூப்பாட்டுக்கு இங்கே யாரும் அசைய மாட்டார்கள். பேய் ஒரு தடவைதான் கூப்பிடுமாம், அது எதன் குரலோ. ரெண்டாவது தடவை கூப்பிட்டால்தான் மனுசக் குரல். கம்ப்யூட்டர்காரரிடம் இதை நானும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுபடி அழுத்த நான் சுதாரிப்பதற்குள், பக்கத்தில் நின்ற அக்கா அவர்களைக் கூப்பிடக் காட்டுக்குள் ஓடிவிட்டார். அவரும் உள்ளே போனதாகக் குறித்தேன். கொஞ்ச நேரத்தில் பெண்கள் எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவராகக் குறித்தேன். ஒரு பெயர் மிச்சம் இருந்தது. அழுத்தினேன். அக்காவை அக்காவின் குரலே கூப்பிட்டது. யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை, பனியைத்தான் பார்த்தார்கள். இன்னொரு முறை அழுத்த எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலையில் அக்காவின் உடலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"அதக் கழட்டிருங்கண்ணே" என்றார்கள் பெண்கள். யானை நாளைக்கும் வருமே. கம்ப்யூட்டர்காரரை வரவழைத்து, ரெண்டு முறை கூப்பிடும்படி மாற்றி வாங்கினேன். சாயங்காலம் ஜீப்பில் எல்லோரும் போன பிறகு, முடியாமல் கிடந்த அந்த நாளின் பக்கத்தைத் திறந்து அழுத்தினேன். அக்காவைக் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது.

ரெண்டாவது கூப்பாட்டுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. "இந்தா, வந்துட்டேன்" என்று நான்தான் சொன்னேன். பிறகு அக்கா பெயருக்கு நேரே, திரும்பியாச்சு என்று குறித்தேன்.