பிளாஸ்டிக் கட்டைக்குள் குடைக்கம்பி

பலூன் சுடுகிற கடை வைத்து எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. திருவிழா வந்தால் சிதம்பரம், ஸ்ரீமுஷ்ணம். பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு காற்றுத் துப்பாக்கி. இவ்வளவுதான் கடை. இந்தத் தொழிலில் குழாயை லேசாக வளைத்து வைக்கிறவர்கள் உண்டு. குறி தப்பினால் பலூன் மிச்சம் பாருங்கள். நான் ஒரு நாளும் அப்படி வைத்ததில்லை. என் கடையில் பலூன் உடையவில்லை என்றால் சுட்டவர் கையில்தான் கோளாறு என்று சத்தமாகவே சொல்வேன். அப்படிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

பழைய துப்பாக்கிக்குத் தேக்குக் கட்டை. தோளில் அணைத்து, கையில் ஏந்திப் பிடிக்கிற பாகத்தைக் கட்டை என்போம். போன வருஷம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து திரும்பும்போது அது ஆட்டோ மேலிருந்து விழுந்தது. பின்னால் வந்த டிராக்டர் அதன்மேல் ஏறிவிட்டது. கையில் இருந்த காசுக்குத் தகுந்தாற்போல் புதுசு ஒன்று வாங்கினேன். அதற்குக் கட்டை பிளாஸ்டிக். எடை கம்மி, பார்க்கவும் பளபளவென்று இருந்தது.

கடை விரித்ததும் முதல் சூடு எப்போதும் என்னுடையது. புதுத் துப்பாக்கியும் என் கையில் ஒரு நாளும் தப்பவில்லை. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் வந்தார். கல்யாணமாகி மாசம்கூட ஆகியிருக்காது, மஞ்சள் கயிறு புதுசாகக் கட்டிய பெண்டாட்டி பக்கத்தில் நின்றாள். அவள் கூடப்பிறந்த அண்ணனும் இருந்தார், லாரி ஓட்டுகிறவர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மாப்பிள்ளை பத்து சுட்டதில் ஒன்றுதான் உடைந்தது. துப்பாக்கியை வைத்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார், "அம்மா, இது இடப்பக்கம் இழுக்குதும்மா."

எனக்குச் சுருக்கென்றது. கூட்டம் நிற்கிறது. துப்பாக்கியை வாங்கினேன், அவர் விட்ட பலூனையே உடைத்தேன். உடைத்துவிட்டுச் சொன்னேன், "துப்பாக்கி நேராத்தான் இருக்கு தம்பி. புது மாப்பிள்ளை கைதான் நடுங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான்காரர்தான் ரொம்பச் சிரித்தார். மாப்பிள்ளை முகம் சுண்டிப்போனது. முதுநகர் துறைமுகத்தில் படகுக்கு பைபர் ஒட்டுகிற வேலை தன்னுடையது, கை நடுங்கினால் அந்த வேலைக்கு ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அப்புறம் இன்னும் சிலரும் இழுக்குது இழுக்குது என்றார்கள். அவர்களுக்கும் அதே பதிலைத்தான் கொடுத்தேன்.

கார்த்திகை மாசம் வடை சுடும்போது சட்டி பட்டு என் இடது உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. துப்பாக்கியை நான் எப்போதும் விரித்த உள்ளங்கையில் சும்மா உட்காரத்தான் வைப்பேன், இறுக்கிப் பிடிக்க மாட்டேன். அன்றைக்குக் கொப்பளத்தில் படாமல் இருக்க விரலாலேயே கவ்விப் பிடித்து முதல் சூடு சுட்டேன். ரவை ஒரு சாண் இடப்பக்கம் போய்ப் பலகையில் குத்தியது. இன்னொன்று சுட்டேன். அதுவும் அங்கேயே. மூன்றாவதும் அப்படித்தான்.

அன்றைக்குக் கடை போடவில்லை. வீட்டில் உட்கார்ந்து கட்டையை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக் குடத்தை அமுக்கினால் உள்ளே போகுமே, அந்த மாதிரி போனது. திருகாணியைக் கழற்றினால் உள்ளே வெறும் கூடு. என்னை மாதிரி லேசாக ஏந்தினால் ஒன்றும் தெரியாது. காசு கொடுத்து ஆசையாகச் சுடுகிறவர்கள் இறுக்கித்தானே பிடிப்பார்கள்? அவர்கள் பிடிக்கிற பிடியில் கட்டை வளைந்து, மேலே இருக்கிற இரும்பையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறது. இத்தனை மாசமும் அவர்கள் சொன்னதுதான் நிஜம். குழாயை வளைத்து வைக்கிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மார்கழி தரிசனத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. சிதம்பரத்தில் வீதி கொள்ளாத கூட்டம் வரும். இதே துப்பாக்கியோடு அங்கே போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. வேறு துப்பாக்கிக்கு வழியில்லை. மரத்தில் கட்டை செய்ய ஆசாரி சொன்ன கூலி துப்பாக்கி விலையைத் தாண்டியது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கூட்டுக்குள் சிமெண்டைக் குழைத்து அடைத்தேன். மறுநாள் கல் மாதிரி இருந்தது. துப்பாக்கி சுடும்போது ஒரு உதை உதைக்கும். நாலாவது உதையிலேயே சிமெண்ட் பொடிந்து உள்ளே கடகடவென்று உருள ஆரம்பித்தது. அத்தனையையும் ஸ்பூனால் சுரண்டி எடுத்தேன்.

படகுக்கு அடிக்கிற பைபர் அலையின் அடியையே தாங்குகிறதே என்ற யோசனை அப்புறம்தான் வந்தது. யோசனை வந்ததுமே அந்த மாப்பிள்ளை முகமும் வந்துவிட்டது. துறைமுகத்தில் பைபர் ஒட்டுகிறவர்கள் வேறு பேரும் இருப்பார்கள். ஆனாலும் அவரைத் தேடித்தான் போனேன்.

கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். நான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கட்டையைக் கொடுத்து, இது வளைகிறது, விறைப்பாக்கித் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன். அவர் வாங்கி ஒரே அமுக்கு அமுக்கிப் பார்த்தார். உள்ளே ஒட்டியிருந்த சிமெண்டைப் பார்த்துவிட்டு, வீடு கட்டினீங்களா என்றார்.

நடந்ததைச் சொன்னேன். கை வெந்தது, மூன்று சூடும் தப்பியது, எல்லாம். கேட்டுக்கொண்டே தேய்த்தார். மச்சான் இன்னும் அவரை வீட்டில் 'நடுக்கம்' என்றுதான் கூப்பிடுகிறாராம். சாப்பாட்டில் தண்ணீர் சிந்தினாலும் அதே பேச்சாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கை தேய்ப்பதை நிறுத்திவிட்டது.

"செஞ்சு தரேன். படகுக்குப் பூசின மிச்சப் பிசின் கெடக்கு, கூலியெல்லாம் வேணாம். அன்னைக்கு நாலு பேர் கேக்கச் சொன்னீங்கல்ல, அதே மாதிரி நாலு பேர் கேக்க ஒரு தடவை மாத்திச் சொல்லிடுங்க. அது போதும்."

கூலி கேட்டிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். நான் திருகாணிகளை மட்டும் எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை, வேலையை எடுத்துக்கொண்டார்.

பிசின் வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஒட்டாதாம், காய்ந்ததும் கொழுக்கட்டை அச்சிலிருந்து வருகிற மாதிரி கழன்று வந்துவிடுமாம். அதனால் ரம்பத் துண்டால் உள்பக்கத்தைச் சொரசொரவென்று கீறினார். ஆணியைக் காய்ச்சி அங்கங்கே குழி வைத்தார், பிசின் இறங்கிப் பிடித்துக்கொள்ள. நீளமாக ஒரு கம்பி வேணும், கனம் இருக்கக் கூடாது, குழலாக இருந்தால் நல்லது என்றார். கையோடு கொண்டுபோன என் குடையின் நடுக்கம்பி அப்படித்தான் இருந்தது. துணி கிழிந்து மூன்று சின்னக் கம்பி உடைந்த குடை. மழைக்கு வேறு பார்த்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டேன். அதை அறுத்துக் கட்டையின் நீளத்துக்கு உள்ளே கிடத்தினார்.

பைபர் நாரைத் துண்டு துண்டாக நறுக்கிப் பிசினில் நனைத்துக் கம்பியைச் சுற்றி வைத்தார். காய வைக்கிற மருந்தைச் சொட்டுக் கணக்கில்தான் விட்டார். ஜாஸ்தி விட்டால் பிசின் கொதிக்கும், பிளாஸ்டிக் கோணிவிடும் என்றார். ஒரே தடவையில் நிரப்பாமல் பாதி ஊற்றி, காய்ந்த பிறகு மீதி ஊற்றினார். இரும்பு உட்காருகிற இடத்தில் பாலிதீன் பையைச் சுற்றி வைத்து, மொத்தத்தையும் நேரான ஒரு பலகையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். நான் வலைக் குவியல்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிசின் நாற்றத்தில் தலை வலித்தது. சாயங்காலம் பஸ் ஏறும்போது கட்டையை முழு பலத்தோடு அமுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. எடைகூடத் தேக்குக் கட்டை மாதிரி வந்திருந்தது.

மறுநாள் விரலால் கவ்வி, முறுக்கி, எப்படியெல்லாம் தப்பாகப் பிடிக்க முடியுமோ அப்படியெல்லாம் பிடித்துச் சுட்டேன். ஒன்றும் இழுக்கவில்லை. சந்தோஷம்தான். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி. அந்த மாப்பிள்ளை சிதம்பரத்துக்கு வர மாட்டார் என்றும் நினைத்துக்கொண்டேன். வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்ததையும் மறைக்கவில்லை.

சிதம்பரத்தில் தேருக்கு முதல் நாள் சாயங்காலம் மூன்று பேரும் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். நான் பழைய பலூனையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு வரிசை புதுசாக ஊதிக் கட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை மட்டும் அது முடிகிற வரை பக்கத்திலேயே நின்றார். மச்சான்காரர் வழக்கம்போல, "நடுக்கம், வேணாம்டா, ஊரு வேற புதுசு" என்றார். மாப்பிள்ளை எனக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. துப்பாக்கியை எடுத்து, கட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

நான் ரவை டப்பாவைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்குக் கடலூர்ல இவரு கை நடுங்குதுன்னு சொன்னேன். நடுங்கல. என் துப்பாக்கிதான் கோளாறு. இவரு சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. இப்ப அதைச் சரி பண்ணிக் குடுத்ததும் இவருதான்."

கூட்டத்துக்கு என்ன தெரியும், அவர்கள் பாட்டுக்குப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். மச்சான் தேரைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

மாப்பிள்ளை சுட்டார். பத்தில் ஆறு உடைந்தது. நாலு அப்படியே ஆடிக்கொண்டு நின்றது.

மச்சானுக்கு வாய் வந்துவிட்டது. "துப்பாக்கி சரி, கையும் சரி. அப்ப இந்த நாலு என்னாத்துக்கு நிக்குதாம்?"

மாப்பிள்ளை பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷத்தில் எந்த ஆளுக்கும் நான் சாக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"அந்த நாலும் காலையில ஊதினது. காத்து எறங்கித் தொஞ்சு போச்சு. தொஞ்சதுல பட்டா ரவை வழுக்கிட்டுப் போயிடும்" என்றேன். நாலையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேறு நாலு ஊதிக் கட்டி, நாலு ரவையைச் சும்மா கொடுத்தேன்.

மச்சான் நம்பிவிட்டார். மாப்பிள்ளை நம்பியிருக்க மாட்டார். உடையாமல் நின்ற அந்த நாலையும் நான் புதுசாக ஊதும்போது பக்கத்தில்தானே நின்றுகொண்டிருந்தார்.