பெருக்கு அட்டவணை

அண்ணையின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இப்போது மடங்குவதில்லை. இங்கே ஜேர்மனியில், ஊன்ட்றொப் கோயிலில் தெரிந்தவர்கள் யாராவது கண்டு கேட்டால், "கடல்ல விழுந்திட்டன். தம்பிதான் காப்பாத்தினவன்" என்று சொல்வார். நான் பக்கத்தில் நின்றால் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமான பிள்ளை என்று நினைப்பார்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. அண்ணை பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவின் மீன்பிடி வள்ளத்தில் ஏறினார். பிறகு அகதியாக இங்கே வந்து ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினார். நான் பல வருடம் கழித்து, முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புச் செய்வதற்கு, ஒழுங்கான விசாவில் விமானம் ஏறி வந்தேன். இரண்டு பேரும் ஹம் நகரில் ஓர் அறை வீட்டில் இருந்தோம்.

மீன் பிடிக்கலாம் என்று சொன்னது நான்தான். இந்த நாட்டில் தூண்டில் போடுவதற்கு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். இரண்டு பேரும் போனோம். முதல் நாள் வகுப்பில் மீன் படங்களைக் காட்டியபோது அண்ணை உற்சாகமாக இருந்தார். "இது சேத்து மீன், வாயைப் பார். இது ஓடித் திரியிறது, வாலைப் பார்" என்று என் காதுக்குள் சொன்னார். ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் எது எங்கே நிற்கும், எதைத் தின்னும் என்று வாயையும் வாலையும் பார்த்தே சரியாகச் சொன்னார். மூன்றாம் நாள் மாதிரிக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். முழுவதும் ஜேர்மன். அண்ணை அதை மேசையில் வைத்து, கையால் நீவி, மடிப்பை எடுத்தார். பிறகு எழுந்து வெளியே போனார். சிகரெட் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் பாஸ் பண்ணினேன். ஒரு கேள்விதான் பிழை.

அதற்குப் பிறகு கால்வாய்க்கரையில், எனக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டில், மீன் பிடித்தோம். சட்டப்படி தூண்டில் என் கையில் இருக்க வேண்டும். பிடித்தது அண்ணை. யாராவது சைக்கிளில் வந்தால், "ஆள் வருது, பிடி" என்று என் கையில் திணிப்பார். ஆள் போனதும் வாங்கிக்கொள்வார். கிடைத்தது பார்ஷ் என்கிற மீன். உடம்பில் கறுப்புக் கோடு, உள்ளங்கை அகலம், முள் நிறைய. "உது மீனில்லையடா, மீன்ர குஞ்சு" என்பார். கால்வாய்த் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அண்ணையும் அப்படித்தான் அந்த வருடங்களில் இருந்தார்.

அவுஸ்பில்டுங் முடிந்ததும் எனக்கு வடக்கே, வடகடல் கரையோரத்து ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அண்ணையும் வந்தார். ஹோட்டல் சமையலறைகள் எங்கேயும் இருக்கின்றன. வந்த முதல் மாலை கடலோர அணைக்கட்டில் ஏறிக் கடலைப் பார்த்தோம். கடல் இல்லை, வத்தி வெகுதூரம் போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. அண்ணை சிரித்தார்.

"டேய் மாஸ்ரர், உன்ர வெள்ளைக்காரர் கடலையும் பூட்டிப்போட்டுப் போயிட்டாங்கள்."

படித்தவன் என்று என்னை அவர் மாஸ்ரர் ஆக்கிக் கூப்பிடுவது பகிடிக்குத்தான். எனக்கு அது ஒவ்வொரு முறையும் முள் குத்துகிற மாதிரி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை.

அந்தக் கரையில் கடலுக்குள் நீளமாகப் போகும் கற்கட்டுகள் உண்டு. கோடை தொடங்கும்போது அந்தக் கற்களை ஒட்டி வொல்ஃப்ஸ்பார்ஷ் வரும். எங்கள் கொடுவா மீனின் சாதி. வெள்ளி நிறம், நெஞ்சு பலம், முதுகில் நிமிர்ந்த முள். முதல் நாள் ஒன்றைப் பிடித்துக் கையில் வைத்தபோது அண்ணையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இது ஆள்" என்றார். அளக்க வேண்டும் என்று நான் டேப்பை எடுத்தேன். நீளம் குறைவு, விட வேண்டியிருந்தது. "மீனுக்கும் பாஸ்போட் பாக்கிறாங்களே" என்று சொல்லி, அதைத் தண்ணீரில் விட்டார். ஆனால் கோபம் இல்லை.

அதைப் பிடிக்க அவர் எல்லாவற்றையும் மாற்றிப் பழக வேண்டியிருந்தது. ஊரில் களப்பு கடலோடு சேரும் வாயில் உயிரோடு சின்ன மீன் குத்தி, விரலில் நூலைச் சுற்றி, காத்திருந்து பிடிப்பவர். இங்கே உயிர் மீனை இரையாகப் போடக் கூடாது. பிளாஸ்ரிக் மீனை வீசி வீசி இழுக்க வேண்டும். முதல் வாரம் அதைத் தொடவே மாட்டேன் என்றார். பிறகு தூண்டில் தடியில் எறிந்தாலும், நூலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டு இழுக்கத் தொடங்கினார். அந்த இரண்டு விரல்கள்தான் மோதிர விரலும் சுண்டு விரலும். நுரை வெள்ளையாக உடையும் இடத்தில்தான் மீன் நிற்கிறது, கடல் இறங்கும் வத்தில் வராது, திரும்ப ஏறும் பெருக்குத் தொடங்கும்போது கற்களுக்குள் வரும் என்று ஒரு மாதத்தில் கண்டுபிடித்தார். நான் அதை இணையத்தில் வாசித்திருந்தேன். அவர் வாசிக்காமலே கண்டுபிடித்தார். சமையலறையில் ஒருவரோடும் பேசாதவர், வீட்டுக்கு வந்து காற்றின் திசையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

அவருக்குச் சீட்டு இல்லாதபடியால் கற்கட்டின் நுனிக்குப் போவோம். அங்கே ஓர் அடையாளக் கம்பம் நிற்கும். கரையில் நடப்பவர்களுக்கு யார் கையில் தடி இருக்கிறது என்று தெரியாது. போகும் வழியில், நடுவில், கற்கள் இறங்கி ஒரு பள்ளம் உண்டு. பெருக்கு வரும்போது நுனி காய்ந்திருக்க, அந்தப் பள்ளம்தான் முதலில் மூடும். எங்கள் ஊரில் கடல் ஏறினால் முழங்கால் அளவு ஏறும். இங்கே ஆள் உயரத்துக்கு மேல் ஏறும். அதனால் நான் போனில் பெருக்கு அட்டவணையை வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் நேரத்துக்கு அலாரம் வைப்பேன். ஒவ்வொரு முறையும் அண்ணை முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கே நுனியில் நின்றோம். ஒன்பதரைக்கு நான் சொன்னேன்.

"அண்ணை, பத்து நாப்பதுக்குப் பள்ளம் மூடும். பத்து இருவதுக்கு வெளிக்கிடுவம்."

அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ படிச்சனி. நான் பாத்தனான். கடல் உன்ர போனுக்குள்ளயா கிடக்கு?"

"காத்தும் இண்டைக்கு மேற்கில இருந்து. முந்தியும் வரலாம்."

"காத்தைப் பற்றி எனக்குச் சொல்லித் தாறார் மாஸ்ரர்." சிரித்தார். "நீ சின்னனில வள்ளத்தில ஏத்தினாலே சத்தி எடுக்கிறனி. அதுக்குத்தான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது."

பகிடிதான். அதைப் பல முறை சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று, என் சீட்டில் நின்றுகொண்டு, என் தடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குள் ஏதோ ஒன்று வாயை மூடியது.

பத்து மணிக்கு மீன் வந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு, இரண்டும் அளவுக்கு மேல். தலையில் அடித்து, கத்தியால் நெஞ்சில் குத்தி, வலைப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். பத்து இருபதுக்கு என் காற்சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. கையை விட்டு அதை நிறுத்தினேன். அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை.

இதைத்தான் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மறந்துபோய் நிறுத்தவில்லை. மீன் வருகிற சந்தோசத்தில் அவரைக் குழப்பக் கூடாது என்று நினைத்ததாகப் பிறகு எனக்கே சொல்லிப் பார்த்தேன். அதுவும் இல்லை. நான் நினைத்தது இவ்வளவுதான்: முழங்கால் வரை நனையட்டும். நனைந்து, சப்பாத்துக்குள் தண்ணீரோடு, கத்திக்கொண்டு பள்ளத்தைத் தாண்டி வரட்டும். அதற்குப் பிறகு மாஸ்ரர் என்று கூப்பிட மாட்டார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணை, "பெரிசு ஒண்டு நிக்குது. கைவலை காருக்குள்ள விட்டிட்டம். ஓடிப்போய்க் கொண்டா" என்றார்.

நான் போனேன். பள்ளத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. குளிர் எலும்பில் பட்டது. நடுவில் நின்று திரும்பிப் பார்த்தேன். அண்ணையின் முதுகு தெரிந்தது. ஒரு சத்தம் போட்டால் கேட்கும் தூரம். நான் தாண்டிப் போய்விட்டேன். என் பக்கம் காய்ந்த கல்.

கார் அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. போய் வரப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். அணைக்கட்டில் ஏறியபோது கற்கட்டு இரண்டு துண்டாக இருந்தது. பள்ளம் இருந்த இடத்தில் தண்ணீர் ஆறு மாதிரி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. கைவலையைப் போட்டுவிட்டு ஓடினேன். கத்தினேன். அப்போதுதான் அண்ணை திரும்பினார்.

அவர் தடியை விட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினார். இடுப்பு வரை வந்தார். இழுவை காலைத் தட்டிவிட்டது. தலை மறைந்தது. பிறகு கற்களின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. அந்தக் கற்களில் சிப்பி ஒட்டியிருக்கும், பிளேட் மாதிரி. அதைப் பிடித்துப் பிடித்து, வந்த பக்கமே ஏறி, கம்பத்தைப் போய்க் கட்டிக்கொண்டார்.

நான் அவசர எண் நூற்றுப் பன்னிரண்டுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். எந்த இடம், எத்தனை பேர், அவருக்கு நீந்தத் தெரியுமா, என்ன உடுப்பு என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் முழு வசனத்தில் பதில் சொன்னேன். ஒரு பிழையும் இல்லாத ஜேர்மன். "மிகவும் தெளிவாகச் சொல்கிறீர்கள்" என்றாள். அதற்கும் நன்றி சொன்னேன்.

படகு வருவதற்குள் கற்கட்டின் நுனியும் மறைந்துவிட்டது. கடலுக்கு நடுவில் ஒரு கம்பமும் அதில் ஒரு மனிதனும் மட்டும் தெரிந்தார்கள். அவர் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு முறை கையை எடுத்து, நீ இறங்காதே என்று காட்டினார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. தோளுக்கு வந்தது. படகுக்காரர்கள் அவருடைய கைகளைக் கம்பத்திலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள்.

வைத்தியசாலையில் குளிர் போக ஒரு பகல் எடுத்தது. கை சரிவரவில்லை. சிப்பி இரண்டு நரம்பை அறுத்திருந்தது. தைத்தார்கள், ஆனால் விரல்கள் திரும்பவில்லை. தாதி ஒரு பிளாஸ்ரிக் பையில் ஈர உடுப்பைத் தந்தாள். அதற்குள் வலைப்பையும் இருந்தது. இரண்டு மீனும் அப்படியே.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிச் செதில் எடுத்து, துண்டு போட்டுக் குளிரூட்டியில் வைத்தேன். எறிய மனம் வரவில்லை. அண்ணை வீட்டுக்கு வந்த அன்று புளி விட்டுக் குழம்பு வைத்தேன். வலது கையில் கட்டு. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். முள் எடுக்க முடியவில்லை. நான் எடுத்துத் துண்டு துண்டாகக் கோப்பையில் வைத்தேன்.

"நீ சொன்னனிதானே" என்றார். "பத்து நாப்பதெண்டு. நான்தான் கேக்கேல்லை."

இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். போன் அதிர்ந்தது, நிறுத்தினேன், பள்ளத்தில் நின்று உன்னைப் பார்த்தேன் என்று. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோபமும் இல்லை, பகிடியும் இல்லை. என்னிடம் ஏதோ உத்தரவு கேட்கிற மாதிரி இருந்தது.

"ஓம் அண்ணை" என்றேன்.

அன்றிலிருந்து அவர் என்னை மாஸ்ரர் என்று கூப்பிடுவதில்லை. ஹோட்டல் வேலை போய்விட்டது. பகலில் யன்னலோரம் இருக்கிறார். கடல் பக்கம் போவதில்லை. ஆனால் நான் காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது தினமும் கேட்கிறார்.

"தம்பி, இண்டைக்குப் பெருக்கு எத்தனை மணிக்கு?"

நான் போனை எடுத்துப் பார்த்து, நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.