கைகொடுத்து மோசம் போன பிலோமினா அக்கா

நானாட்டானில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது தங்கையின் அழைப்பு வந்தது. “பிலோமினா அக்கா மோசம் போயிட்டா,” என்றாள். எங்கள் பக்கத்தில் இறந்தவரையும் அப்படித்தான் சொல்வோம், ஏமாந்தவரையும் அப்படித்தான் சொல்வோம். அவரை அறிந்த ஊரவர்களான உங்களுக்கு இரண்டுமே தெரியும்.

கருவாடு காயப்போடும் பெண்களைச் சேர்த்து, கோயில் திருநாளுக்கு ஓர் ஆங்கில அரசர் கதை நாடகத்தைத் தமிழில் மேடையேற்றியவர் அவர். அதில் கலகத் தலைவன் படையோடு நிற்பான். இளவரசன் வந்து, உங்கள் குறையெல்லாம் தீரும், இது என் வாக்கு என்று கைகொடுப்பான். தலைவன் நம்பிப் படையை வீட்டுக்கு அனுப்புவான். படை கலைந்ததும் இளவரசன் அவனைப் பிடித்துக் கட்டச் சொல்வான். அக்கா தலைவன், நான் இளவரசன்.

ஒத்திகையில், பிடிபடும் இடத்தில் அக்கா தலையைக் குனிந்து நின்றார். கொஞ்சம் கோபப்பட வேண்டாமா என்று கேட்டேன். “கோவம் பிறகுதான் வரும். நம்பினவைக்கு முதல் வாறது வெக்கம்,” என்றார்.

மறுவருடம் எங்கள் கரையை ஒரு கம்பனிக்காக அடைக்க வந்தார்கள். அக்காவின் பின்னால் நாங்கள் பாதையில் குந்தி மறித்தோம். ஓர் அதிகாரி வந்து அவரை அம்மா என்று அழைத்தார். கரையில் யாரும் கைவைக்க மாட்டார்கள், பெண்களை ஏன் வெயிலில் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிக் கைகொடுத்தார். அக்கா எங்கள் பக்கம் திரும்பி, “வீட்ட போங்கோ, போய்ச் சமையுங்கோ,” என்றார். போனோம். பின்னேரம் கரை முழுக்க முள்ளுக்கம்பி. அக்காவைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

பிணையில் வந்தவரோடு பேச ஆளில்லை. குழாயடிக்கு அவர் வந்தால் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். கரையை வித்துப்போட்டாள் என்று முதலில் சொன்னவர், அவரோடு மேடையில் நின்ற பெண்களில் ஒருவர்.

அந்த வருடத் திருநாளுக்கும் அதே நாடகம், தலைவனாக வேறொருவர். நான் நடிக்க மறுத்துவிட்டு அக்காவின் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கைகொடுக்கும் கட்டம் வந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “பிலோமினாவைக் கூப்பிடுங்கோ, அவ வடிவாக் கை குடுப்பா.” சனம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அக்கா எழும்பவில்லை. முடியும்வரை இருந்து, நடித்தவர்களுக்குக் கைதட்டிவிட்டுத்தான் வந்தார்.

பிறகு அக்காவுக்கு நோய் வந்து முற்றியபோது பார்க்கப் போனேன். எல்லோரையும் மன்னித்துவிடச் சொல்லிப் பங்குச் சுவாமி அப்போதுதான் போயிருந்தார்.

“சுவாமிக்குத் தலையாட்டினனான்,” என்றார் அக்கா. “அந்த அதிகாரியை மன்னிச்சிட்டன். அவருக்கு அது தொழில். இவையளை ஏலாது. என்னோட ஒண்டா இருந்து மீன் வெட்டினவையள்.”

அடக்கத்துக்கு எல்லோரும் வந்தீர்கள். பூ கொண்டுவந்தீர்கள். இப்படி ஒரு மனுசி இனிப் பிறக்கமாட்டா என்று பெட்டியைப் பிடித்து அழுதீர்கள். அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையசைத்தீர்கள். என்னைப் பேசக் கேட்டபோது நான் பேசவில்லை. பெட்டி முன்னால் சண்டை வேண்டாம் என்று இருந்தேன்.

இப்போது சொல்கிறேன். அவர் உங்களை மன்னிக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். நான் இருக்கும்வரை அது இருக்கும்.