திருப்பிப் போடாத மீன்

எங்கள் வாடகைக் கார் அலுவலகத்தில் அவருக்கு ஆச்சண்ணன் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. டீசல் போட்டாச்சா என்றால் ஆச்சு என்பார். கண்ணாடி துடைத்தாச்சா என்றால் ஆச்சு. சாப்பிட்டாச்சா என்றால் அதற்கும் ஆச்சு. முதல் இரண்டும் உண்மையாக இருக்கும். மூன்றாவதை நம்புகிறவர்கள் அவரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள்.

எந்த வண்டியில் யார் போவது என்று முடிவு செய்யும் மேசை என்னுடையது. எந்த ஓட்டுநர் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார், யாருக்கு வீட்டில் சண்டை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆச்சண்ணனுக்கு வீட்டில் சண்டை போட ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வண்டிக் கொட்டகைக்கு மேலே உள்ள ஒற்றை அறைக்கு வந்துவிட்டார். அங்கே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு. இரண்டாவது தட்டு வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு, "எதுக்கு தங்கச்சி, கழுவறதுக்கா?" என்றார்.

அண்ணி இருந்த காலத்தில் சாப்பிட்டீர்களா என்று கேட்கவே மாட்டாள். தட்டைப் போட்டுவிட்டுத்தான் கூப்பிடுவாள். அந்தச் சுகத்தில் ஊறிப்போன மனிதருக்கு, எனக்குப் பசிக்கிறது என்று வாய் திறந்து சொல்லும் பழக்கமே இல்லாமல் போய்விட்டது. பக்கத்து ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவார். மருமகள் வாசலிலேயே "சாப்டீங்களா மாமா?" என்பாள். இவர் "ஆச்சும்மா" என்பார். அவளும் சரி என்று உள்ளே போய்விடுவாள். திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்று மூக்கால் அழுவார்.

"இன்னொரு தடவ கேட்டா என்ன தங்கச்சி, வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

"நீங்க பொய் சொல்லாம இருந்தா உங்க வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா அண்ணே?"

வண்டி துடைக்கும் துணியை உதறிக்கொண்டு போய்விடுவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நம்மில் யார் முதல் தடவை கூப்பிட்டதும் போய் உட்கார்ந்துவிடுகிறோம்? சோற்றுக்கு அலைகிறவன் என்று பேர் வாங்க யாருக்கும் ஆசை இல்லை. முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. மறுப்பதும் மரியாதைக்கு. இரண்டாவது தடவை கேட்டால்தான் உண்மையிலேயே கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். ஆச்சண்ணன் அந்த இரண்டாவது தடவைக்காகத்தான் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க ஒரு வேளை சாப்பிட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த மாணவி வந்தாள். வெளிநாட்டுப் பெண். இங்கே கல்லூரியில் ஒரு பருவம் படித்து முடித்துவிட்டு, ஊருக்குத் திரும்பும் முன் சுற்றிப் பார்க்க வண்டி கேட்டாள். கோட்டை, ஏரி, அருவி, கடைசியில் ரயில் நிலையம். துணைக்கு யாரும் இல்லை. நம் மொழியை வகுப்பில் கற்றவள், அதனால் பாடப்புத்தகம் எழுந்து நின்று பேசுவது போல் பேசினாள். "எனக்கு அமைதியான ஓட்டுநர் ஒருவர் தேவை" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆச்சண்ணனை அனுப்பினேன்.

முதல் நாள் கோட்டை. வெயிலில் ஏறி இறங்கி, முகமெல்லாம் தக்காளிப் பழமாகச் சிவந்து வந்தாள். கீழே மீன் வறுக்கும் கடை ஒன்று உண்டு. வண்டியை விட்டு இறங்கியவள், இவர் பக்கத்துக் கண்ணாடி அருகே வந்து குனிந்தாள்.

"நீங்கள் என்னுடன் உணவு உண்பீர்களா?"

ஆச்சண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சாவியைக்கூட உருவிவிட்டார். வாய் மட்டும் பழக்கதோஷத்தில், "ஆச்சும்மா, நீங்க சாப்பிடுங்க" என்றது.

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

வகுப்பில் அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். இவர் உருவிய சாவியை மறுபடி செருகிவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து பன்னையும் வாழைப்பழத்தையும் எடுத்தார். கடையின் கண்ணாடிச் சன்னல் வழியே அவள் தெரிந்தாள். அந்தக் கடையில் மீன் முழுசாகத்தான் வரும், இரண்டு பேர் சாப்பிடும் அளவு. அவள் தட்டைப் படம் பிடித்தாள். பிறகு கைப்பேசியைப் பார்த்து ஏதோ மெதுவாகப் பேசினாள். மேல் பக்கத்தை மட்டும் சாப்பிட்டாள். திருப்பிப் போடவில்லை. கடைக்காரர் அந்த மீனை அப்படியே உள்ளே எடுத்துப் போனதை ஆச்சண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்த பன் இறங்கவில்லையாம்.

அடுத்த நாள் ஏரி. படகில் தனியாகப் போனாள், தனியாகவே வந்தாள். படகோட்டி நல்ல மனுஷன், படகு நடுவில் போனபோது அவளுக்குப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறான். கரையில் கொதிக்கக் கொதிக்கச் சூப்பும் ரொட்டியும் விற்றார்கள். அன்றும் கேட்டாள். அன்றும் இவர் ஆச்சு என்றார். இந்தத் தடவை குரலை இழுத்து, பாதி சம்மதம் போலச் சொல்லிப் பார்த்தாராம். அந்த இழுவையெல்லாம் அவளுக்கு எங்கே புரியும்? "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய், காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டே தனியாக அந்தச் சூப்பைக் குடித்தாள். அந்தச் சிரிப்பை யாரும் பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஆள் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் அருவிக்குப் போகும்போது ஆச்சண்ணன் ஒரு முடிவோடு இருந்தார். பன் வாங்கவில்லை. காலையிலும் சாப்பிடவில்லை. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார்: "சாப்பிடலாமே. சாப்பிடலாமே." கேட்ட மறுநொடி சொல்லிவிட வேண்டும். மானம் போனால் போகட்டும்.

அவள் நனைந்த தலையோடு வந்தாள். கண்ணாடி அருகே குனிந்தாள். இவர் வாயைத் திறந்தார்.

"நீங்கள் உண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்றாள் அவள், மிகுந்த மரியாதையோடு. "நான் விரைவில் வந்துவிடுவேன்."

மென்று முழுங்கிக்கொண்டு தலையாட்டினார். அங்கிருந்துதான் எனக்கு ஃபோன் பண்ணினார். என் முன்னால் இரண்டு வாடிக்கையாளர்கள் கத்திக்கொண்டு நின்றார்கள்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். கூப்பிடாத இடத்துல நாமளா போய் உக்காரலாமா?"

"என்ன அண்ணே உளர்றீங்க? வண்டியில ஏதாவது கோளாறா?"

"இல்ல. வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ரயில் நிலையம். ரயில் வரக் கொஞ்சம் நேரம் இருந்தது. பெட்டியை இறக்கி வைத்ததும், அவள் கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினாள். கோட்டைக்குக் கீழே சாப்பிட்ட அந்த மீன். தட்டுக்கு எதிரே காலி நாற்காலி. அதற்குப் பின்னால் சன்னல். சன்னலுக்கு வெளியே எங்கள் வண்டி. வண்டிக்குள் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார் ஆச்சண்ணன்.

"நேற்றிரவு என் தாயாருக்கு அனுப்பினேன். இந்த மனிதர் யார், ஏன் தனியாகச் சாப்பிடுகிறார் என்று கேட்டார். அதன் பிறகுதான் நான் கவனித்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "என்னுடன் அமர்வதில் உங்களுக்கு விருப்பமில்லை. அப்படித்தானே?"

அவளிடம் எதைச் சொல்லி எப்படிப் புரியவைப்பது? கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாராம்.

"இன்னொரு தடவ கேட்டிருக்கலாமேம்மா."

"மறுபடியும் கேட்டால் தொந்தரவு அல்லவா?"

"தொந்தரவு இல்லம்மா. அதுக்குத்தான் உக்காந்திருந்தேன்."

அவள் கைப்பேசியை அணைத்தாள். பிறகு, "மூன்று நாட்களும் நான் கைப்பேசியோடுதான் பேசிக்கொண்டு சாப்பிட்டேன்" என்றாள். ரயில் வந்துவிட்டது. பெட்டியை ஏற்றிவிட்டார். சன்னலில் இருந்து கையசைத்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று இவரும் கையசைத்தார். அவ்வளவுதான். அவள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது வழியில் மகனுடைய ஊர். வயிறு காந்தியது. வழக்கமாகச் சாப்பிடும் கடை வந்தது, நிறுத்தவில்லை. நேராக வீட்டுக்குப் போய்விட்டார். மகன் மத்தியான ஷிஃப்டுக்குப் போயிருந்தான், பேத்தி பள்ளிக்கூடத்தில். மருமகள் கதவைத் திறந்தாள்.

"வாங்க மாமா. சாப்டீங்களா?"

ஆச்சு என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, "இல்லம்மா. பசிக்குது" என்றார்.

அவள் விழித்தாள். "விளையாடாதீங்க மாமா. நீங்க சாப்டுட்டுத்தான வருவீங்க? நான் உங்களுக்குன்னு ஒண்ணும் எடுத்து வைக்கலயே!"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் யாரைக் கோபித்துக்கொள்வது? இத்தனை வருஷமாக அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியதாம். அதற்குள் அவள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். இருந்த சோற்றைச் சூடு பண்ணி, வீட்டில் மிச்சமிருந்த ஒரே முட்டையை உடைத்து ஊற்றி எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

"நீ சாப்டியாம்மா?"

"ஆச்சு மாமா."

ஆச்சண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆச்சு யாருடைய ஆச்சு என்று அவருக்குத் தெரியாதா? கழுவும் தொட்டி காய்ந்து கிடந்தது. ஒரு எச்சில் தட்டுகூட இல்லை.

"வந்து உக்காரு. சேர்ந்து சாப்பிடலாம்."

"இல்ல மாமா, நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம் பார்த்துக்கறேன்."

"உக்காரும்மா" என்றார் மறுபடியும்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு ஷிஃப்ட் மாறினதுல இருந்து மத்தியானத்துல நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்கறதோட சரி மாமா" என்றாள். பிறகு இன்னொரு தட்டை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் முட்டையைச் சரிபாதியாகப் பிய்த்து அவள் தட்டில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா மாமா?"

"போதும்மா" என்றது பழகிய வாய். சொன்ன பிறகு, தட்டை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாராம்.