கரப்பான்பூச்சிக்குப் பயந்த லெப்டினன்ட்

என் சின்ன மாமா ராணுவத்தில் லெப்டினன்ட்டாக இருந்தபோது, வடகிழக்கு எல்லைக் காட்டில் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை எதிரியின் இடத்துக்குள்ளேயே புகுந்து தாக்கிவிட்டு வந்தார். அதற்காகப் பதக்கம் கொடுத்தார்கள். செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அதைப் படித்துவிட்டு முதலில் யாரும் பெருமைப்படவில்லை, சந்தேகப்பட்டார்கள்.

அம்மாதான் மாமாவுக்கு ஒரே அக்கா. கல்லூரியில் படிக்கும்போதுகூட ஊசி போட்டுக்கொள்ள அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாராம். ரயில் நிலையத்திலிருந்து வரும்போது தெருநாய்க்குப் பயந்து சுற்றுவழியில் வருவாராம். "பேரை மாத்திப் போட்டுட்டாங்களோ என்னவோ" என்றார் அப்பா.

எனக்கு அப்போது எட்டு வயது. எனக்கு மட்டும் துளிகூடச் சந்தேகமில்லை. எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகளிடம் அந்த நான்கு வரியைக் கொஞ்சம் நீட்டியே சொல்லியிருந்தேன். அதில் ஒரு புலிகூட வந்தது. மாமா முறைத்துப் பார்த்ததும் அது திரும்பிப் போய்விட்டது.

மாமா விடுமுறையில் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துப் பிள்ளைகள் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் செருப்பு அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி கிளம்பிப் பறந்தது. லெப்டினன்ட் ஒரே தாவலில் சோபா மேல் ஏறி நின்று, "அக்கா! அக்கா, சீக்கிரம் வா!" என்று அலறினார். அம்மா துடைப்பத்தோடு வந்து காரியத்தை முடித்தார்.

மூன்றாவது மாடிப் பையன் தரையில் உருண்டு சிரித்தான். "இவராடி புலிய முறைச்சாரு?"

நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். மாமா கதவுக்கு வெளியே வந்து நின்றார். "சாரிடா கண்ணு. அது பறந்துடுச்சு, அதான்" என்றார். எனக்கு அழுகை இன்னும் கூடியது.

அழைப்பு மணி அடித்தது. மாமாவின் படையில் இருந்த சிப்பாய் ஒருவர், மனைவியோடும் கைக்குழந்தையோடும் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஊன்றுகோல் இருந்தது. அதை விட்டுவிட்டு வாசலிலேயே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாராம். மாமா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். இதெல்லாம் பிறகு அம்மா சொன்னது. எனக்குக் கேட்டது குரல் மட்டும்தான்.

"இன்னா பசங்களா, ஒரே சிரிப்பு?" என்றார் சிப்பாய்.

கரப்பான்பூச்சி விஷயத்தை மூன்றாவது மாடிப் பையனே சொன்னான். சிப்பாயும் சிரித்தார்.

"எங்க சாபுக்குப் பூச்சின்னா ஆவாது. டென்ட்ல நாங்கதான் அடிச்சுக் குடுப்போம். ஆனா ஒண்ணு கேளு. மூணாவது தபா ரெண்டு நாளு நடந்து அவனுங்க கேம்புக்கே பின்னால போயிட்டோம். குடோனைக் கொளுத்திட்டுத் திரும்பசொல்லோ என் கால்ல குண்டு பட்டுச்சு. வுட்டுட்டுப் போங்க சாப்னேன். 'வாய மூட்றா'ன்னு சொல்லி முதுவுல தூக்கிக்கினாரு. மத்தவங்கள முன்னால அனுப்ச்சிட்டு, நாங்க ரெண்டு பேரும் ஒரு பொதர்ல பட்த்துக்கினோம். பத்தடில அவனுங்க தேடிக்கினு கீறானுங்க. அப்போ சாப் கழுத்து மேல இத்தினி நீளத்துக்கு ஒரு பூரான் ஏறுது! மனுசன் கத்தப் போறாரு, ரெண்டு பேரும் செத்தோம்னு நெனச்சேன். கண்ண மூடிக்கினாரு. அவ்ளோதான். அவனுங்க போற வரிக்கும் அசையவே இல்ல."

"அப்புறம்?" என்று கேட்டது நான்தான். எப்போது தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தேனோ, தெரியாது.

"அப்புறம் இன்னா பாப்பா, அவனுங்க போனதும் சட்டையக் கயட்டி வீசிட்டு ஆடுனாரு பாரு ஒரு ஆட்டம்! குண்டு பட்ட காலோட நா சிரிச்சுக்கினு கெடந்தேன்."

கூடமே சிரித்தது. மாமாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேசரி கிளற உள்ளே போனார். மூன்றாவது மாடிப் பையன் மாமாவுக்குப் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டான். நான் அவனைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்தேன்.

சிப்பாயின் மனைவி எழுந்து வந்து, குழந்தையை மாமாவின் மடியில் வைத்தார்.

"அப்போ இவ என் வயித்துல நாலு மாசம் சார்" என்றார்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையவே இல்லை. கண் நிறைந்து வழிந்தது. அம்மாவையும் கூப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவர் காதருகே போய்த் தைரியம் சொன்னேன்:

"பயப்படாதீங்க மாமா. பாப்பாதான், ஒண்ணும் பண்ணாது."